ஆள்நுழைகுழியில் நுழையும் ஆள் யார்?

ரோபோ என்றதும் நம்ம பையன்களுக்கு ஜப்பான் ஞாபகம் வருகிறது. ரஜினி ஞாபகம் வருகிறது. எனக்கு வெட்டி ஞாபகம் வருகிறது. தமிழ் எம்.ஏ. படித்த கோளாறு என்று தோழர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

அந்தச் சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது ஒரு நாடகம். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதியது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். செக் மொழியில் ரோபோட்டா என்றால் பண்ணை அடிமை தன் ஆண்டைக்குச் செய்தே ஆக வேண்டிய கட்டாய உழைப்பு. கூலி கிடையாது, மறுக்கவும் முடியாது. இதற்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. சோழர் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது, வெட்டி என்று. அந்த வெட்டியைச் செய்தவன் வெட்டியான். பிணம் எரித்தவனும், செத்த மாட்டைத் தூக்கியவனும், சாவுச் சேதி கொண்டு ஓடியவனும் அவன்தான். ஐரோப்பாக்காரன் நாளைக்கு வரப்போகும் இயந்திரத்துக்குப் பேர் வைத்தான். அந்தப் பேருக்குரிய வேலையை இங்கே ஆயிரம் வருஷமாக மனுஷனை வைத்தே வாங்கிக்கொண்டிருந்தார்கள். பேட்டரி வேண்டாம், சார்ஜ் ஏற்ற வேண்டாம், பழுதானால் மாற்று ஆள் சேரியில் பிறந்துகொண்டே இருப்பான்.

இப்போது ஊரெல்லாம் செயற்கை நுண்ணறிவு, டிரோன், இயந்திர மனிதன் என்று பேச்சு. வீட்டுக்கு வீடு ரோபோ வரும், தொழிற்சாலையில் மனிதக் கை படாமல் பொருள் உருவாகும், சமுதாயமே தலைகீழாக மாறும் என்கிறார்கள். மாறட்டும். எனக்கு ஒரே ஒரு கேள்வி: எந்த வேலையை முதலில் இயந்திரத்திடம் கொடுத்தீர்கள், எந்த வேலையைக் கடைசி வரைக்கும் எங்களிடமே வைத்திருக்கிறீர்கள்? இந்த வரிசையைப் பார்த்தால் போதும், தொழில்நுட்பத்தின் சாதி தெரிந்துவிடும்.

1961இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குள் முதல் தொழிற்சாலை ரோபோ நுழைந்தது. வார்ப்பு அச்சிலிருந்து வந்த கொதிக்கும் உலோகத் துண்டுகளை எடுத்துவைக்கிற வேலை அதற்கு. மனிதனுக்குச் சூடு, மனிதனுக்கு ஆபத்து, ஆகவே இயந்திரம். நியாயமான காரணம். மலக்குழிக்குள் இருக்கிற ஆபத்து அதைவிடக் குறைச்சலா? இந்தியாவில் மலக்குழிக்கென்று ஒரு ரோபோ வேலைக்கு இறங்க 2018 ஆக வேண்டியிருந்தது. இடையில் ஐம்பத்தேழு வருஷம். அதற்குள் இந்த நாடு நிலவுக்கு விண்கலம் அனுப்பியது, செவ்வாய்க்கு அனுப்பியது.

2

எங்கள் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். சேலம், நாமக்கல் சமவெளியை இயந்திரம் தெரியாத பட்டிக்காடு என்று யாரும் சொல்ல முடியாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இந்தியாவில் உண்டா? பாறையை உடைத்துக்கொண்டு ஆயிரம் அடிக்குக் கீழே போய்த் தண்ணீரைத் தொடுகிற வண்டி. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுகிற பட்டறைகள் வரிசையாக நிற்கின்றன. சமையல் எரிவாயு சுமக்கிற டேங்கர் லாரிகள் அங்கேயிருந்து தென்னிந்தியா முழுக்க ஓடுகின்றன. கண் இமைக்கிற நேரம் கசிந்தாலும் பற்றிக்கொள்கிற வாயுவை, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆயிரம் கிலோமீட்டர் கொண்டுபோகத் தெரிந்த மண் இது. சேலத்தில் உருக்காலை இருக்கிறது. ஓமலூரிலிருந்து சேலம் போகிற வழியில் கருப்பூரில் 1966 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அப்புறம் முளைத்த தனியார் பொறியியல் கல்லூரிகளை எண்ணினால் விரல் போதாது.

ஆக, மூளை இருக்கிறது. பட்டறை இருக்கிறது. பணம் இருக்கிறது. ஆயிரம் அடிக்கு ஆள் இறங்காமல் துளை போடத் தெரிந்தவர்களுக்குப் பத்தடி செப்டிக் டேங்குக்கு மட்டும் ஆள் தேவைப்படுகிறது. ஏன்?

பத்தடிக் குழிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுவோம். வருஷக்கணக்கில் மூடிக்கிடக்கிற தொட்டியில் மேலே தண்ணீர் நிற்கும். அடியில் கசடு இறுகிக் களிமண் மாதிரி கெட்டிப்பட்டுக் கிடக்கும். லாரிக்காரன் குழாயை விட்டு உறிஞ்சினால் மேல் தண்ணீர் வந்துவிடும், அடிக்கசடு வராது. அதைக் கலக்கிவிட ஒருத்தன் இறங்க வேண்டும். உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் அடைந்து நிற்கின்றன. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும், வாடையே தெரியாது. 'நாத்தம் இல்லண்ணா, எறங்கலாம்' என்று சொல்லிவிட்டு இறங்குகிறவன் மயங்கி விழுகிறான். அவனைத் தூக்க இறங்குகிற தம்பியும் விழுகிறான். பத்திரிகைகளில் இரண்டு பேர் பலி, மூன்று பேர் பலி என்றே வருவதற்குக் காரணம் இதுதான்.

அந்தக் கசடைக் கலக்க ஒரு சுழலும் கத்தி போதும். தண்ணீர் இறைக்கிற மோட்டாரைவிடப் பெரிய விஞ்ஞானம் இதில் இல்லை. இந்தக் கத்தி ஏன் ஐம்பது வருஷத்துக்கு முன்பே வரவில்லை? கண்டுபிடிக்க முடியாமல் இல்லை. தேவைப்படவில்லை. கத்தியைவிட மாதாரி மலிவு. கணக்கு அவ்வளவுதான்.

சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதில் மேல் இருந்த எந்திரப் பொறிகளின் பட்டியலைச் சொல்லி, தமிழன் அன்றே எந்திரம் கண்டான் என்று மேடையில் முழங்குகிறார்கள். கண்டான்தான். பகைவனைக் கொல்லக் கண்டான். சொந்த ஊர்க்காரன் சாகாமல் இருக்க ஒன்றும் காணவில்லை.

3

'மிசின் வந்துருச்சுல்ல, இனி உங்களுக்கு என்னப்பா பிரச்சினை?' என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்துப் பழைய சங்கதி ஒன்று சொல்ல வேண்டும். இயந்திரம் எங்களுக்குப் புதிது இல்லை. ஏற்கெனவே ஒருமுறை வந்திருக்கிறது.

கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலை ஓடிய காலம். மாடு பூட்டி இறைக்கிற அந்தக் கவலைக்கு உயிர் தோல். சாலுக்குத் தோல் தும்பி, வாருக்குத் தோல், ஓட்டுகிறவன் காலுக்குச் செருப்பு. அத்தனையும் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். தோல் கிழிந்தால் வெள்ளாமை நிற்கும் என்பதால் களத்தில் அவர்களுக்கென்று ஒரு தவசப் பங்கு இருந்தது. பங்கோடு தீண்டாமையும் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். தைத்த செருப்பைத் தான் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடக்க முடியாது. சிறுவனைக்கூடச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது, 1937இல் மேட்டூர் மின்சாரம் வந்தது. அடுத்த முப்பது நாற்பது வருஷத்தில் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் உட்கார்ந்தது. கவலை போயிற்று, தோல் போயிற்று, தவசப் பங்கு போயிற்று. மோட்டாரால் பெருகிய வெள்ளாமை கிணற்றுக்காரருக்குப் போனது. அந்த வெள்ளாமைப் பணத்தில்தான் லாரி வந்தது, ரிக் வந்தது, கோழிப்பண்ணை வந்தது, கல்லூரி வந்தது. தோல் தைத்தவனுக்கு என்ன வந்தது? தீண்டாமை மட்டும் அப்படியே கூட வந்தது. கைத்தொழில் போனவன் பண்ணையாளாக நின்றான், இல்லாவிட்டால் நகரத்துக்குப் போய்த் துடைப்பத்தைப் பிடித்தான்.

இதில் மோட்டார் மேல் என்ன தப்பு? ஒன்றுமில்லை. மாட்டின் கழுத்துக்கும் மனிதன் முதுகுக்கும் அது விடுதலை. தப்பு கிணறு யாருடையது என்பதில் இருக்கிறது. கிணறு இருந்தவனுக்கு இயந்திரம் லாபமாக வந்தது, கிணறு இல்லாதவனுக்கு வேலை இழப்பாக வந்தது. நாளைக்கு வருகிற ரோபோவும் இந்த வாய்க்கால் வழியாகத்தான் பாயும். நாம் வெட்டி மாற்றாதவரை.

4

இப்போது வந்திருக்கிற இயந்திரங்களைப் பார்ப்போம். 2015இல் கோழிக்கோட்டில் ஆள்நுழைகுழிக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளிகளும், காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் செத்தார்கள். அதற்கப்புறம் கேரளத்துப் பொறியியல் பட்டதாரி இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனத்தில் பெருச்சாளி என்று பொருள்படும் பாண்டிகூட் என்ற ரோபோவைச் செய்தார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் அது இறங்கியது. கும்பகோணத்துக்கும் கோவைக்கும் வந்தது. மேலே ஒருவர் திரையைப் பார்த்து இயக்க, இயந்திரக் கை உள்ளே போய்ச் சகதியை அள்ளி வருகிறது. நல்ல காரியம். கை தட்டுகிறேன், மனசாரத்தான்.

செப்டிக் டேங்குக்கென்று சென்னை ஐ.ஐ.டி.யில் செய்தது ஹோமோசெப். நான் மேலே சொன்ன அந்தச் சுழலும் கத்திதான். தொட்டிக்குள் போய்க் குடை மாதிரி விரிந்து கசடைக் கலக்கிவிடும், பம்பு உறிஞ்சிக்கொள்ளும். 2022இல் அதன் முதல் இரண்டு இயந்திரங்கள் யாரிடம் கொடுக்கப்பட்டன தெரியுமா? மலக்குழியில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் தலைமையேற்று நடத்தும் சுய உதவிக் குழுக்களிடம். இந்த ஒரு செய்தியை நான் ரோபோவைவிடப் பெரிய கண்டுபிடிப்பு என்பேன். கருவி கொன்றவன் கைக்குப் போகாமல், இழந்தவள் கைக்குப் போயிருக்கிறது.

ஆனால் இது இரண்டு இயந்திரத்தின் கதை. மற்றதைப் பாருங்கள். மலம் அள்ளத் தடைச் சட்டம் 1993இல் வந்தது. போதவில்லையென்று 2013இல் இன்னொன்று வந்தது. அதன்படி சாக்கடைக்கோ செப்டிக் டேங்குக்கோ ஆளை ஆபத்தான முறையில் இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். 2014இல் உச்ச நீதிமன்றம் சாவுக்குப் பத்து லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் முப்பது லட்சம் ஆக்கியது. சாவின் விலை ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. 2019 முதல் 2023 வரை நாடு முழுக்க 377 பேர் செத்ததாக நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. 2022, 2023 ஆண்டுகளின் சாவுகளில் 54ஐ எடுத்து அரசு தணிக்கை செய்தது. 49 பேருக்குப் பாதுகாப்புக் கவசம் எதுவும் இல்லை. 47 சாவுகளில் இயந்திரமே தரப்படவில்லை. 38 பேர் தனியாட்கள் நேரடியாகக் கூலிக்குப் பேசி இறக்கியவர்கள். அதாவது, மாநகராட்சி ரோபோ வாங்கி ரிப்பன் வெட்டுகிற படம் பேப்பரில் வருகிறது. சாவு நடப்பது வீட்டுக் கொல்லைப்புறத்தில். பாதாளச் சாக்கடை பெருநகரத்துப் பேச்சு. ஓமலூர், தாரமங்கலம், மேச்சேரிப் பக்கமெல்லாம் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான்.

சட்டத்துக்குள் இருக்கிற சூட்சுமத்தையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். 2013 சட்டத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது: மத்திய அரசு அறிவிக்கும் கருவியோடும் கவசத்தோடும் மலம் அகற்றுகிறவர், கையால் மலம் அள்ளுபவராகக் கருதப்பட மாட்டார். கையுறை மாட்டிவிட்டால் போதும், கணக்கிலிருந்து காணாமல் போய்விடுவான். அதே சாதி, அதே குழி, அதே ஆள். பேர் மட்டும் வேறு. பேர் மாற்றுவதில் நம் அரசுகளுக்கு இருக்கிற கெட்டிக்காரத்தனம் வேறு எதிலும் இல்லை. 2020இல் தமிழ்நாட்டில் துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளர் ஆனார். 2021இல் கையால் மலம் அள்ளுவதால் யாரும் சாகவில்லை என்று மத்திய அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். செத்தவர்கள் 'சாக்கடையை ஆபத்தான முறையில் சுத்தம் செய்ததில்' செத்தவர்களாம். 2023 மத்திய பட்ஜெட்டில் ஆள்குழி எந்திரக்குழி ஆகும் என்று அறிவித்தார்கள். தமிழில் நாம் ஆள்நுழைகுழி என்கிறோம். எந்த ஆள் என்று அகராதி சொல்லாது. சேரி சொல்லும். பண்ணையாள், வெட்டியாள் என்கிறபோது வருகிற ஆள்.

சந்தேகமென்றால் இந்தக் கணக்கைப் பாருங்கள். மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களைக் கணக்கெடுத்தார்கள். 2024இல் வெளியான விவரப்படி 38 ஆயிரம் பேருக்கு மேல். அவர்களில் 68.9 சதவீதம் பட்டியல் சாதியினர். பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 91.9 சதவீதம். சாதியெல்லாம் இப்போ யாருங்க பார்க்கிறா என்று கேட்கிறவர்கள் இந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

5

மூன்று பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாமவர் காந்தியவாதி. இயந்திரம் மனிதனைக் கெடுத்துவிடும், எளிமையாக வாழ்வோம், எல்லா வேலையும் புனிதமானது என்பார். புனிதமென்றால் ஐயா, உங்கள் பேரனுக்குக் கொடுங்கள். காந்தியத்தின் இந்த இயந்திர வெறுப்புக்கு அம்பேத்கர் 1945லேயே பதில் சொல்லிவிட்டார். மனிதன் மிருகம் மாதிரி உழைத்துக்கொண்டே இருந்தால் சிந்திக்க ஓய்வு எங்கே, ஓய்வில்லாமல் பண்பாடு எங்கே என்று கேட்டார். கேடு இயந்திரத்தில் இல்லை, இயந்திரத்தின் பலனைச் சிலர் மட்டும் சுருட்டிக்கொள்ள விடுகிற சமூக அமைப்பில் இருக்கிறது என்பதே அவர் கட்சி. பெரியாரும் 1940களிலேயே, இயந்திரம் மனிதரின் பாட்டைக் குறைக்கும் இனிவரும் உலகத்தைக் கனவு கண்டார். ஆகவே தலித்துகள் இயந்திரத்துக்கு எதிரிகள் இல்லை. எங்களைவிட இயந்திரம் தேவைப்படுகிறவர்கள் இந்த நாட்டில் கிடையாது.

இரண்டாமவர் நம் தொழிற்சங்கத் தோழர். இயந்திரம் வந்தால் உங்க ஆளுங்க வேலை போயிடுமே தோழர் என்று கவலைப்படுகிறார். அவர் கவலையில் உண்மை இருக்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் என்ன நடந்தது? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, வருஷக்கணக்காக உழைத்த தொழிலாளர்கள் 1ஆம் தேதியிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். 13ஆம் தேதி நடுராத்திரி போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. குப்பையை அள்ளுகிற மாதிரியே. நவீனம் என்ற பேரில் நிரந்தர வேலையைப் பறிக்கிற சூழ்ச்சியை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் தோழர், மலக்குழி வேலையைக் 'காப்பாற்றித்' தராதீர்கள். சாவு ஒரு வேலைவாய்ப்பு இல்லை. குழியை இயந்திரத்துக்குக் கொடு, இயந்திரத்தை எனக்குக் கொடு, வேலையை நிரந்தரமாக்கு என்று கேளுங்கள். இந்த மூன்றும் ஒரே கோரிக்கை, பிரித்தால் தோற்போம்.

மூன்றாமவர் தொழில்நுட்ப பக்தர். ரோபோ வந்தால் சாதி தானாகச் செத்துவிடும் என்கிறார். அடுக்குமாடி வீட்டில் வட்டமாக ஒரு ரோபோ கட்டிலுக்கடியில் கூட்டிக்கொண்டு திரிகிறது. அதே வீட்டில் கக்கூஸ் கழுவ வரும் அக்காவுக்குத் தனி டம்ளர். எந்தத் தொழில்நுட்பம் எங்களிடம் சீக்கிரம் வந்து சேர்ந்தது தெரியுமா? நாகபுரியிலும் சண்டிகரிலும் தூய்மைப் பணியாளர் மணிக்கட்டில் கட்டிய ஜி.பி.எஸ். கடிகாரம். எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று அலுவலகத்திலிருந்தே பார்க்கலாம். குழிக்குள் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கிற கருவிக்கு முன்னால், வேலைக்காரன் ஓய்வெடுக்கிறானா என்று பார்க்கிற கருவி வந்துவிட்டது. ரோபோ சாதியை ஒழிக்காது. சாதிதான் ரோபோவுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும்.

6

ஓமலூரில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது கோகுல்ராஜைப் பேசாமல் இருக்க முடியாது. எங்கள் ஊர்ப் பையன். பொறியியல் பட்டதாரி. 2015 ஜூன் 23 அன்று, உடன் படித்த ஆதிக்க சாதிப் பெண்ணோடு திருச்செங்கோட்டுக் கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டான். மறுநாள் தலை வேறு உடல் வேறாக ரயில் பாதையில் கிடந்தான். ரிக் வண்டிக்குப் பேர்போன அதே திருச்செங்கோடு. தலைமறைவாக இருந்த முதல் குற்றவாளி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு விட்டுப் போலீசுக்கே சவால் விட்டான். சாதித் திமிருக்குப் புதுத் தொழில்நுட்பம் வெகு சுலபமாகப் பழகிவிடுகிறது. அதே சமயம் அந்தக் கோயிலின் கேமராப் பதிவு சாட்சியாக நின்றது. சாட்சி சொன்ன பெண்ணே பிறழ்ந்தபோதும் கேமரா பிறழவில்லை. 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2023இல் உயர் நீதிமன்றமும் குற்றத்தை உறுதிசெய்தது. அதுவும் கேமராவால் மட்டும் வரவில்லை. வழக்கை விடாமல் நடத்திய தாயும் வழக்கறிஞர்களும் இயக்கங்களும் இருந்ததால் வந்தது. இயந்திரம் தானாக நியாயம் பேசாது. யாராவது அதைப் பிடித்து இழுத்து வந்து நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும்.

பட்டம் வாங்கியும் சாதி விடவில்லை என்பது உண்மை. அதற்காகப் பட்டத்தை விட்டுவிட முடியாது. அருந்ததியருக்கு 2009இல் கிடைத்த மூன்று சத உள் ஒதுக்கீடு பொறியியல் கல்லூரிக் கதவைக் கொஞ்சம் திறந்திருக்கிறது. 2024இல் உச்ச நீதிமன்றமும் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. உள்ளே போன தம்பி தங்கைகள் என்ன செய்கிறார்கள்? தரையில் போட்ட கறுப்புக் கோட்டின் மேலேயே ஓடுகிற பொம்மை ரோபோவைக் கடைசி வருஷ புராஜெக்ட்டாகச் செய்கிறார்கள். போட்ட கோட்டைத் தாண்டாமல் ஓடுவதுதான் அதன் சாமர்த்தியம். கோடு போட்டு, அதைத் தாண்டாதே என்று நமக்கு ஊர் கற்றுக்கொடுத்தது போதாதா? குழிக்குள் இறங்கிய அப்பனுக்கும் மாமனுக்கும் தெரிந்தது எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. கசடு எங்கே இறுகும், வாயு எங்கே தங்கும், குழாய் எங்கே அடைக்கும், எல்லாம் அவர்கள் கையில் இருக்கிற படிப்பு. அந்தப் படிப்பையும் உங்கள் படிப்பையும் ஒன்றாகப் போடுங்கள்.

அரசிடம் கேட்பதைத் தெளிவாகவே கேட்போம். ஒவ்வொரு பேரூராட்சிக்கும் கசடு கலக்கும் இயந்திரமும் உறிஞ்சும் வண்டியும் வேண்டும். அவற்றின் உடைமை ஒப்பந்தக்காரனுக்கு இல்லை, அந்த வேலையில் இருந்த குடும்பங்களுக்கு. பட்டியல் சாதியினர் தொழில் தொடங்க 35 சதவீதம் மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023இல் வந்தது. அதை வங்கி வாசலில் சாகவிடாமல் இந்த வண்டிகளுக்குத் திருப்புங்கள். வண்டியைக் கொடுத்தால் போதாது, வேலை ஒப்பந்தத்தையும் உள்ளாட்சி கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வீடு கட்ட அனுமதி தரும்போதே, ஆள் இறங்காமல் சுத்தம் செய்ய முடிகிற தொட்டிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். குழாய் நுழைய வழி இருக்கட்டும், ஆள் நுழைய வழி இருக்கக் கூடாது. அதையும் மீறி ஆளை இறக்கினால், வீட்டுக்காரனானாலும் அதிகாரியானாலும் சிறைக்குப் போக வேண்டும். முப்பது லட்சத்தோடு கணக்கை முடிக்கிற பேரம் வேண்டாம்.

குழியை விட்டு மேலே வந்தவனை மறுபடி துடைப்பத்தின் பக்கமே தள்ளிவிடாதீர்கள். அவன் பிள்ளை ரோபோ ஓட்டுகிறவனாக மட்டும் இல்லாமல் ரோபோ செய்கிறவனாக, விற்கிறவனாக, விருப்பமிருந்தால் அந்தப் பக்கமே திரும்பாமல் கவிதை எழுதுகிறவனாகவும் போக வழி வேண்டும். மலத்தை அள்ளுகிற இயந்திரத்துக்கும் ஒரு சாதியை ஒதுக்கிவிட்டு அதற்குப் புரட்சி என்று பேர் வைப்பதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

சாப்பெக்கின் நாடகத்தில் ரோபோக்கள் கடைசியில் கலகம் செய்கின்றன. எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது, வெட்டி வேலை வாங்கினால் ஒருநாள் அது நடக்குமென்று. ரோபோவுக்கே அந்தக் கோபம் வரும் என்றால் நமக்கு இன்னும் எத்தனை மனு எழுத வேண்டும் தோழர்களே? கருப்பூரிலும் திருச்செங்கோட்டிலும் சேலத்திலும் படிக்கிற தம்பி தங்கைகள் வரும் பருவத்தில் ஒரு கசடு கலக்கும் இயந்திரத்தைச் செய்து, ஓமலூர்ப் பேரூராட்சி அலுவலக வாசலில் கொண்டுவந்து நிறுத்துங்கள். அதற்கு அப்புறமும் ஆளை இறக்குகிறவன் யாரென்று பார்ப்போம். அவன் பேரைச் சொல்லி வழக்குப் போடுவோம்.